எட்டாவது இலக்கம்

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. அக்காவின் பரிசோதனைச் சீட்டில் மேல் மூலையில் அச்சடித்திருந்த எண் அது. சீட்டில் வேறு விஷயங்களும் இருந்தன: வயது ஐம்பத்திரண்டு, சதை எடுத்த இடம் இடது மார்பு, முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். அதையெல்லாம் ஒரு முறைதான் படித்தேன். எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பல்சக்கரம் வெட்டுகிறவன் நான். இருபத்து மூன்று வருஷமாக ஒரே பட்டறை, ஒரே இயந்திரம். வட்டமான இரும்பை முப்பத்தாறாகவோ நாற்பத்தெட்டாகவோ சமமாகப் பிரித்துப் பல் வெட்டுவதுதான் பிழைப்பு என்பதால், எந்த எண்ணைப் பார்த்தாலும் இது எதனால் வகுபடும் என்றுதான் புத்தி போகும். பேருந்தின் எண், செருப்பின் அளவு, பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி எண், எதையும் விட்டு வைத்ததில்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணைப் பள்ளிக்கூடத்தில் பகா எண் என்பார்கள். எங்கள் பட்டறையில் முரடு என்போம். முரட்டு எண்ணில் பல் வெட்டுவது தலைவலி. ஆனால் ஒன்றோடொன்று சுழலும் இரண்டு சக்கரங்களில் ஒன்றின் பற்கள் முரட்டு எண்ணாக இருந்தால், அதே பல் அதே பல்லோடு அடிக்கடி சந்திக்காது. தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பங்காகிவிடும். அதனால் திட்டிக்கொண்டே வெட்டுவோம்.

பரிசோதனை முடிந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் சீட்டை மடியில் வைத்து வேலையைத் தொடங்கினேன். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, எதற்கும் எண் மசியவில்லை. கடைசி இலக்கத்தை விரலால் மூடிப் பார்த்தேன். மிச்சமும் மசியவில்லை. இன்னொன்றை மூடினேன், இன்னொன்றை மூடினேன். முன்னால் எழுநூற்று முப்பத்தொன்பது மட்டும் நின்றது. அது முரடு. அதிலும் ஒன்றை மூடினால் எழுபத்து மூன்று. அதுவும் முரடு. அதிலும் ஒன்றை மூடினால் ஏழு. ஏழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"என்னடா முணுமுணுக்கறே?" என்றாள் அக்கா.

"உன் நம்பர்க்கா. கடைசியிலேருந்து ஒண்ணொண்ணா வெட்டிக்கிட்டே வந்தாலும் முரடாவே நிக்கும் போலிருக்கு."

"வெட்டறதைப் பத்திப் பேச நல்ல நேரம் பாத்தே போ."

ஆனால் என் விரல் ஓயவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது இடது பக்கத்திலிருந்தும் ஒரு இலக்கத்தை மறைத்துப் பார்த்தேன். பார்த்த உடனே சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. இந்த ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது தன் பாதத்தின் தயவால் என்பது அவள் கட்சி. அவள் மாடியில், நான் கீழே. அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறார், வர இன்னும் மூன்று மாதம் ஆகும். அவரிடம் சொல்லவில்லை. "நடுக்கடல்ல இருக்கறவர்கிட்டச் சொன்னா என்ன பண்ணுவார், நீந்தியா வருவார்?" என்றாள். ஆய்வகத்துக்குப் போன் செய்யவும் மாட்டாளாம். "நீ கேட்டுச் சொல்லு. நீ சொன்னா எனக்குப் போதும்."

அந்தப் பதினோரு நாளும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூராக இருந்த வெட்டுளியை மறுபடியும் தீட்டினேன். பட்டறை முற்றத்தில் மூன்று நாற்காலி மாற்றி உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பழைய வரைபடத் தாள்களின் பின்பக்கத்தில் அந்த எண்ணை வகுக்க ஆரம்பித்தேன். ஒரு எண் முரடுதானா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால், அதற்குக் கீழே குறிப்பிட்ட எல்லை வரை உள்ள எல்லா முரடுகளாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நான்கு இலக்கத்துக்கு இருபத்து மூன்று வகுத்தல் போதும். ஐந்துக்கு ஐம்பத்தெட்டு. ஆறுக்கு நூற்று நாற்பத்தொன்பது. ஏழுக்கு நானூறை நெருங்கிவிடும். எட்டு இலக்கம் முழுவதற்கும் ஆயிரத்துக்கு மேல். போனில் தட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும் என்று எனக்கும் தெரியும். எனக்கு விடை வேண்டியிருக்கவில்லை, வகுத்துக்கொண்டிருப்பது வேண்டியிருந்தது. மீதி விழ விழ மனசு கொஞ்சம் அடங்கியது. மீதி இல்லாமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு வகுத்தலையும் இரண்டு முறை சரிபார்த்தேன். அக்காவின் உடம்புக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாத மடையன் இல்லை நான். தெரிந்தும் சரிபார்த்தேன்.

அந்த வாரங்களில் எனக்கு முப்பத்தேழு பல் சக்கரம்தான் வேலை. கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் என் இயந்திரத்தில் இரும்பு ஒரு முறை முழுதாகச் சுற்றும். முப்பத்தேழு பல்லுக்கு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அதன் மேல் கைப்பிடிக்குப் பின்னாலுள்ள துளைத்தட்டில் மூன்று துளை தூரம். சுற்று ஒன்று, துளை மூன்று. "ஒண்ணு, மூணு" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நிறுத்தி வெட்டுவேன். ஒரு சக்கரத்துக்கு முப்பத்தேழு முறை, ஒரு நாளைக்கு எத்தனையோ சக்கரம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டறையில் ஒவ்வொரு வேலைக்கும் எட்டு இலக்க எண் கொண்ட பித்தளை வில்லை உண்டு. எட்டாவது இலக்கம் எந்த இயந்திரத்தில் வெட்டியது என்பதற்கு. பேச்சில் அதை யாரும் சொல்வதில்லை, ஏழோடு நிறுத்திவிடுவோம். நாக்கு அதற்கே பழகிப்போயிற்று. ஒருமுறை புதுப் போன் வாங்கி அக்காவுக்கு நம்பர் கொடுத்தேன், கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு. ஒரு வாரம் போன் வராததால் அவளுக்கு என் மேல் ஏதோ கோபம் என்று நானும், அடித்தும் கிடைக்காததால் எனக்கு அவள் மேல் கோபம் என்று அவளும் மாடிப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம்.

பன்னிரண்டாவது நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஏழு இலக்க எண்ணின் கடைசி வகுத்தலை முடித்தேன். முரடுதான். தாளில் கோடு போட்டு அதைச் சுற்றிக் கட்டம் கட்டினேன். அந்தத் தெம்பில் முற்றத்துக்குப் போய் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். உள்ளே நான்கு இயந்திரம் ஓடும் சத்தம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டேன்.

"சீட்டு நம்பர் சொல்லுங்க" என்றாள் ஒரு பெண்.

சீட்டை எடுக்கவே இல்லை. மனப்பாடம்தானே. "ஏழு மூணு ஒம்போது மூணு ஒம்போது ஒண்ணு மூணு."

விசைப்பலகை தட்டும் சத்தம். "அது எப்பவோ குடுத்தாச்சே சார்."

"யார்கிட்ட?"

"டாக்டருக்குப் போயிருக்கும். நார்மல்தான் சார், ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல. அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. 'எப்பவோ' என்ற சொல் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. முற்றத்துச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை சொன்னபோது என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வியாழக்கிழமைக்கு அறுவைச் சிகிச்சை டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். அங்கேயே போனை எடுத்து அதை ரத்து செய்தாள். "வேற யாருக்காவது உபயோகப்படட்டும்" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் பெருந்தன்மையாகச் சொன்னாள். அந்தப் பெண்ணும் காரணம் கேட்கவில்லை. பதினோரு நாளாக விடியும் முன்பே என் தலைக்கு மேலே நடை சத்தம் கேட்கும். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் கூரை அமைதியாக இருந்தது.

புதன்கிழமை. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் எனக்கு ஏன் இருப்புக் கொள்ளவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. எட்டு இலக்கம் பாக்கி நிற்கிறது, அந்த ஆயிரம் வகுத்தலை முடித்தால்தான் விடும் என்று நினைத்துக்கொண்டேன். சக்கரத்தை வெட்டிக்கொண்டே எண்ணைத் தலையிலிருந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன். ஏழு மூணு ஒம்போது மூணு ஒம்போது. கைப்பிடி ஒரு சுற்று. ஒண்ணு. துளை மூன்று. மூணு. எண் இன்னும் முடியவில்லை. மூணு. கை தானாக இன்னும் மூன்று துளை நகர்ந்தது. வெட்டுளி இறங்கியது. பல் இருக்க வேண்டிய இடத்து இரும்பைத் தின்றுகொண்டு போனது.

இயந்திரத்தை நிறுத்தினேன். சக்கரம் பாழ். இருபத்திரண்டு பல் ஒழுங்காக நிற்க, இருபத்து மூன்றாவது கோணிக்கொண்டு நின்றது. அந்தக் கோணலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கடைசி மூன்றை இப்போது சொன்னேன். நேற்று போனில் சொன்னேனா? ஒண்ணு, மூணு. கை வழக்கமாக அதோடு நிற்கிற மாதிரி நேற்று வாயும் நின்றது. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஏழு இலக்கம்தான் சொன்னேன்.

ஃபோர்மேன் வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல உன் கையில ஒண்ணுகூடப் போனதில்லையேப்பா" என்றார்.

"ஒண்ணு இல்லை சார், ரெண்டு. நேத்து போன்லயும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கையோடு ஓடினேன்.

ஆய்வகத்தின் ஜன்னலில் மூக்குக்கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். சீட்டை உள்ளே நீட்டி, நேற்று நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் ஏழு இலக்கத்தைத் தட்டினாள்.

"இது பழைய வரிசை சார். அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. அப்ப எங்களுக்கு ஏழு இலக்கம்தான். இது வேற யாரோ ஒருத்தரோடது."

சாதாரணமாக ஒரு எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தால் அது எங்கேயும் போய்ச் சேராது, யாராவது 'தப்பு நம்பர்' என்று சொல்லிவிடுவார்கள். இது என்னடாவென்றால் வெட்டிய இடத்திலும் முழு எண்ணாக, யாரோ ஒருவரின் நல்ல சேதியோடு உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு நாளாக நான் வாய் பிளந்து பார்த்த அதே குணம்தான் என்னைக் கவிழ்த்தது.

"முழு நம்பரையும் போட்டுப் பாருங்க" என்றேன்.

போட்டாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கவர் ரெடியா இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டிருங்க."

"நார்மல்தானே? நேத்து அந்த இன்னொருத்தரோடதைப் போன்லயே சொன்னீங்களே."

"நார்மலா இருந்தா போன்ல சொல்லுவோம் சார்" என்றாள் மெதுவாக.

ஒட்டிய உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் விரல் பட்ட இடமெல்லாம் உறையில் எண்ணெய்க் கறை.

அக்கா அந்த நேரத்தில் பயிற்சி மைதானத்தில் இருப்பாள் என்று தெரியும். வரிசையாக நிறுத்திய காலி டிரம்களுக்கு நடுவே அவள் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். அறுபது வயதுக்கு மேல் கார் ஓட்ட ஆசை வந்திருக்கிறது. நான் கையை ஆட்டினேன். வண்டி நின்றது.

"என்னடா இந்த நேரத்துல? பின்னாடி ஏறு. இவருக்கு ரிவர்ஸ் வர மாட்டேங்குது, அதை முடிச்சுட்டுப் பேசலாம்." குரலில் அத்தனை குஷி. காலையில் தூங்கி எழுந்த முகம் இன்னும் கலையவில்லை.

ஏறினேன். தபால்காரர் பின்னோக்கி எடுத்தார். "கண்ணாடியைப் பாருங்க தாத்தா, என்னைப் பாக்காதீங்க" என்றாள் அக்கா. அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நிற்கட்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சொன்னால் என்ன என்றுகூட நினைத்தேன். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று அவள் சிரித்துக்கொண்டிருக்கலாமே. அந்த நினைப்பு வந்ததுமே எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, நேத்து நான் நம்பரைத் தப்பாச் சொல்லிட்டேன்."

கார் குலுங்கி நின்றது. தபால்காரரின் முதுகு இருக்கையில் இடித்தது. "நான் மிதிக்கலைம்மா" என்றார் அவர் பதறி.

"நான்தான் மிதிச்சேன்" என்றாள் அக்கா. திரும்பாமல் கேட்டாள். "எத்தனை இலக்கம் சொன்னே?"

"ஏழு."

"எனக்குப் போன் நம்பர் குடுத்த மாதிரி."

"ஆமாக்கா."

தபால்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். "டயர்ல காத்து இருக்கான்னு பாக்கறேன்" என்று இறங்கிப் போனார். நல்ல மனிதர். நான்கு டயரையும் நிதானமாகப் பார்த்தார், பிறகு டிரம்களை எண்ண ஆரம்பித்தார்.

உறையை நீட்டி, டாக்டர்தான் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா அதைக் கிழித்துவிட்டாள். படித்தாள். முதலிலிருந்து மறுபடி படித்தாள். தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள். அந்தத் தாளில் எனக்குப் புரிந்தது ஒரே சொல். அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு என்னைச் சோறு தின்னியா என்று கேட்க இருந்தவள் இவள் ஒருத்திதான். இவளும் போய்விட்டால் என்ற பயம். அவளைப் பொய்யாக ஒரு நாள் சிரிக்க வைத்துவிட்டேன் என்ற அவமானம் வேறு. தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"நேத்துதான்டா தூங்கினேன்" என்றாள். "பதினோரு நாளைக்கு அப்புறம். அதுக்கு உன்னைத் திட்ட மாட்டேன். வியாழக்கிழமையைத் தாரை வாத்தேன் பாரு, அதுக்குத் திட்டுவேன். இப்ப இல்ல."

போனை எடுத்தாள். வியாழக்கிழமை இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. முடிவைப் படித்துக் காட்டியதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தேடினார்கள். திங்கள், பத்து நாற்பது. என்னால் போனது நான்கு நாள். நான்கு நாள் ஒன்றும் பண்ணாது என்று அந்தப் பெண் சொன்னதாக அக்கா சொன்னாள். சொன்னாளா, எனக்காக அக்காவே சேர்த்துக்கொண்டாளா என்று தெரியவில்லை.

முன் கண்ணாடி வழியாக, டிரம்களை எண்ணும் தபால்காரர் தெரிந்தார். அவரைப் பார்த்தபடியே அக்கா கேட்டாள்.

"என் நம்பரைச் சொல்லு. முழுசா."

"ஏழு மூணு ஒம்போது மூணு ஒம்போது ஒண்ணு மூணு மூணு."

"கடைசியிலேருந்து வெட்டினா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே."

"ஏழு இலக்கம் வரைக்கும் பாத்துட்டேன். முரடாத்தான் நிக்குது."

"கடைசின்னா வலது பக்கம்." அவள் இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "எனக்கு இடது பக்கம்டா. இடது பக்கத்துலேருந்து வெட்டினா?"

எனக்குத் தெரியும். முதல் நாள் பேருந்திலேயே தெரியும். ஏழை எடுத்துவிட்டால் மிச்சம் முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பதினொன்று. அதனால் பதினொன்றுக்கு மீதியில்லாமல் வகுபட்டுவிடும். இன்னும் பார்க்கலைக்கா என்று சொல்லலாம். அதுவும் நிக்கும் என்று சொல்லலாம், அவள் உட்கார்ந்து வகுக்கப் போவதில்லை. அவள் கண் என் வாயிலேயே இருந்தது.

"நிக்காதுக்கா" என்றேன். "முதல் வெட்டுலயே பதினொண்ணுல போயிடும்."

அவள் தலையாட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் நின்றது, விழவில்லை.

"திங்கக்கிழமை என்கூட உள்ளே வா" என்றாள். "டாக்டர் பேசும்போது எனக்குக் காது அடைச்சிடும். நீ கேட்டு எனக்குச் சொல்லணும். எதுவா இருந்தாலும் கடைசி இலக்கம் வரைக்கும் சொல்லணும்."

"சொல்றேன்."

அவள் ஜன்னலை இறக்கித் தபால்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக் காத்திருந்தார்.

"ரிவர்ஸ்தானே பாக்கி. எடுங்க, மெதுவா" என்றாள் அக்கா. அவள் கால் பிரேக் மேலேயே இருந்தது.